வல்லுநர் வந்தார், வரைந்தார், போனார்

சென்ற இதழில் பினாங்கின் நிலத் திட்டமிடலைப் பற்றி எழுதியிருந்த அன்பர், நான்கே பக்கத்தில் மூன்று தரப்பாரை அவமதித்திருக்கிறார். மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் கோப்பு பார்க்கும் அதிகாரிகளை. அந்தக் கோப்புகளால் வாழ்ந்தோ கெட்டோ போகிற குடியிருப்பாளர்களை. அதற்கும் மேலாக, இதையெல்லாம் படித்துவிட்டுத் தலையாட்டுவோம் என்று அவர் நம்பிய நம்மை.

அவர் வாதத்தை, அவருக்கு அநியாயம் செய்யாமல், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி அதிகாரிகளுக்கும் குடியிருப்போர் சங்கத்தாருக்கும் நிலப் பயன்பாடு, சூழல் காப்பு, சமூக மேம்பாடு என்று பயிற்சி கொடுப்பது வீண் செலவு. படித்த அதிகாரிகள் நாற்காலியில் இருந்தபோதுதான் குன்றுகள் சரிந்தன. மக்களைக் கேட்டால் தாமதம்தான் மிச்சம். திட்டமிடல் என்பது நிபுணர்களின் வேலை. அதைத் தனியார் ஆலோசக நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு மன்றம் முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சிங்கப்பூர் யாரைக் கேட்டு வளர்ந்தது? இவ்வளவுதான் சரக்கு. இடையிடையே புள்ளிவிவரம் போலத் தோற்றமளிக்கும் வாக்கியங்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் அவற்றில் எண் என்று ஒன்றும் இல்லை.

குன்று சரிந்த கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கையில் இருக்கும் கனமான கல் அது ஒன்றுதான்.

2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய பேய்மழையில் தீவும் செபராங் பிறையும் வெள்ளக்காடாகி 7 பேர் இறந்தார்கள். ஓராண்டு திரும்புவதற்குள், 2018 அக்டோபர் 19 அன்று, பாயா தெருபோங்கை அடுத்த புக்கிட் குக்குஸில் சாலைக்காக அறுத்த குன்று இறங்கி 9 தொழிலாளர்களை விழுங்கியது. சரிவுகள் இரண்டிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அயல்நாடுகளிலிருந்து வந்தவர்கள். அன்பரின் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் இல்லை. சரிவு மட்டும் இருக்கிறது, வாதத்துக்கு உதவுகிறது என்பதால்.

சரி, அந்தத் திட்டங்களின் கோப்புகளை நகர்த்திய அதிகாரிகள் பட்டம் பெற்றவர்கள்தானே என்று கேட்கிறார். பட்டம் பெற்றவர்கள்தான். அதனால் பயிற்சியே வேண்டாம் என்கிறார். திருட்டுப் போன வீட்டில் பூட்டு இருந்தது, ஆகவே இனி யாரும் பூட்டு வாங்காதீர்கள் என்பது போல இருக்கிறது இந்தத் தர்க்கம். சரிவு நிலத்தில் கட்ட விண்ணப்பிக்கும் மேம்பாட்டாளர், மண் எப்படி நிற்கும், நீர் எங்கே வடியும் என்ற அறிக்கையைத் தம் செலவில், தாம் அமர்த்திய பொறியாளரை வைத்துத் தயாரித்துக் கொடுக்கிறார். அதாவது அன்பர் யாரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்கிறாரோ, அந்த ஆலோசகர் ஏற்கெனவே மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பெருங்கட்டணத்தோடு. மேசையின் இந்தப் பக்கத்தில், அந்த அறிக்கையை வரிக்கு வரி படித்து, இந்தச் சரிவில் இந்தக் கணக்கு நிற்காது என்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி. புக்கிட் குக்குஸ் மாநகர் மன்றத்தின் சொந்தத் திட்டம் என்று குத்திக்காட்டுகிறாரே, அங்கே ஆலோசகரும் ஒப்பந்தக்காரரும் இல்லாமல் மன்றத்து எழுத்தர்களா மண்வெட்டி எடுத்துக் குன்றை அறுத்தார்கள்? நிபுணர்கள் அந்தத் தளத்தில் குறைவாக இருக்கவில்லை. அவர்களைக் கேள்வி கேட்பவர்கள் குறைவாக இருந்தார்கள்.

அவர் வசதியாக மறந்த இன்னொன்று உண்டு. 2007இல் அரசிதழில் ஏறிய பினாங்குக் கட்டமைப்புத் திட்டம், கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேல், அதாவது பழைய கணக்கில் 250 அடிக்கு மேல் இருப்பதையும், 25 பாகைக்கு மேல் சரிந்திருப்பதையும் மலைநிலம் என்று வகுத்து, அங்கே கட்டடம் கூடாது என்றது. நல்ல விதி. கூடவே ‘சிறப்புத் திட்டங்கள்’ என்று ஒரு விலக்கையும் வைத்தது. அந்தச் சந்துக்குள் எத்தனை கட்டடம் நுழையும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த விதியையும் விலக்கையும் பொதுமக்கள் அறியச் செய்தவர்கள் யார்? ஆலோசக நிறுவனங்களா? உயரக்கோடு வரைந்த படத்தை விண்ணப்பப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட தஞ்சோங் பூங்கா குடியிருப்பாளர்களும், பினாங்கு ஃபோரம் போன்ற அமைப்புகளில் வார இறுதியைத் தொலைத்த ஓய்வூதியக்காரர்களும்தான். அன்பர் இவர்களைத்தான் ஒன்றும் தெரியாத கூட்டம் என்கிறார்.

கொடிமலை என்கிற பினாங்கு மலையின் கதையை அவருக்கு நினைவுபடுத்த வேண்டும். 1990இல் அந்த மலையுச்சியில் விடுதிகளும் கேளிக்கைப் பூங்காவும் கொண்டுவரும் பெருந்திட்டம் ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்த நிறுவனத்தின் பக்கம் கொழுத்த அறிக்கைகள், வண்ணப் படங்கள், வெளியூர் நிபுணர்கள் எல்லாம் இருந்தார்கள். எதிரில் நின்றது ‘பினாங்கு மலையின் நண்பர்கள்’ என்று கூடிய உள்ளூர்க்காரர்கள். அவர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படித்தார்கள், ஓட்டைகளைக் காட்டினார்கள், மாற்று யோசனை எழுதிக் கொடுத்தார்கள். 1991இல் சுற்றுச்சூழல் துறை அந்த அறிக்கையை நிராகரித்தது. முப்பது ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், அதே பினாங்கு மலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மாநில அரசு அன்று முதல் அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. 1990இல் அன்பரின் அறிவுரைப்படி நடந்திருந்தால் யுனெஸ்கோ ஆய்வாளர்களை அழைத்துப்போய் எதைக் காட்டியிருப்போம்? நீர்ச்சறுக்கையா?

இனி தமிழர்களுக்கு வருகிறேன். நிலமே இல்லாதவர்களுக்கு நிலத் திட்டமிடல் எதற்கு என்று ஓரிடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இந்த வரி ஒரு தமிழ் இதழில் அச்சாகியிருக்கிறது என்பதை நம்பவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கம்போங் புவா பாலா என்றொரு ஊர் குளுகோரில் இருந்தது. தோட்டத் தொழிலாளிகளின் பேரப் பிள்ளைகள், பரம்பரையாக மாடு வளர்த்தவர்கள், பொங்கலை மாட்டோடு கொண்டாடியவர்கள். தீவின் நடுவே மாடும் மரமுமாய் இருந்ததால் பழைய தொலைக்காட்சித் தொடரின் பெயரை ஒட்டி ‘ஹை சாப்பரல்’ என்று வெளியார் அழைத்தார்கள். அந்த மண் பிரவுன் குடும்பத்தின் தோட்டமாக இருந்தது, அந்தக் குடும்பம் அதைத் தங்கள் முன்னோருக்கு விட்டுச் சென்றது என்பது ஊராரின் நம்பிக்கை. அரசு ஏட்டிலோ அது அரசு நிலம். முந்தைய ஆட்சியில் அனுமதி பெற்று, 2008இல் ஆட்சி மாறிய வேளையில், நிலம் மாநில அரசின் மூத்த அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. அங்கிருந்து மேம்பாட்டாளரிடம் போனது. ஊரார் நீதிமன்றம் ஏறினார்கள். 2009இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்த ஆண்டே இயந்திரங்கள் வந்தன. ஆண்ட கட்சியும் ஆளும் கட்சியும் ஒன்றை ஒன்று கைகாட்டின. அன்றைய பத்திரிகைகளைப் புரட்டினால் யார் குற்றம் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும்.

எனக்கு அதில் உறுத்துவது வேறு. அந்த நிலத்தின் மீது கோப்பு நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்த ஊரில் ஒருவருக்காவது நில அலுவலகத்தில் உரிமைப் பதிவைத் தேடிப் பார்க்கவும், தங்கள் தற்காலிக உரிமச் சீட்டின் பொருள் என்ன என்று வாசிக்கவும், திட்டமிடல் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கவும் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்? நீதிமன்றத்தில் வென்றிருப்பார்கள் என்று சொல்லவரவில்லை. கடைசிக் கட்டத்தில் வழக்கறிஞர் வாசலில் நிற்பதற்குப் பதிலாக, காகிதம் இன்னும் ஈரமாக இருந்தபோதே பேரம் பேசும் இடத்தில் இருந்திருப்பார்கள். மாநகர் மன்றத்தின் பக்கத்திலும், அங்கே ஒரு சமூகம் வாழ்கிறது, மாடு மேய்கிறது, இது வெற்று மனை இல்லை என்று கோப்பில் எழுதப் பயின்ற அதிகாரி ஒருவர் வேண்டும். புவா பாலாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1972 முதல் வீடமைப்பும் கட்டடமும் திட்டமிடலும் கற்பிக்கும் புலத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். படிப்பு இங்கேயும், இடிப்பு அங்கேயுமாய் இருந்திருக்கிறது.

மக்களைக் கேட்டால் தாமதம் என்கிறாரே, சட்டம் மக்களை எவ்வளவுதான் கேட்கிறது என்று அவர் பார்த்ததுண்டா? 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சொல்கிறேன். ஓரிடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோது மட்டும், திட்டமிடல் அனுமதிக்கான விண்ணப்பம் வந்தால் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். பக்கத்து நிலம் என்றால் ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வாய்க்காலோ இடையில் கிடக்கும் நிலம். முட்டுச்சந்தானால் 200 மீட்டர் வரை. அறிவிப்பு நில உரிமையாளருக்குத்தான். வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை, உரிமச் சீட்டில் வாழ்பவருக்கு இல்லை, தலைக்கு மேல் மண் நிற்கும் அடுக்குமாடியில் இருந்தாலும் 20 மீட்டர் தாண்டியிருந்தால் அவருக்கும் இல்லை. இதைத்தான் அளவுக்கு மீறிய மக்கள் பங்கேற்பு என்று அன்பர் அங்கலாய்க்கிறார்.

இன்னும் ஒரு படி போவோம். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் மேற்படி அறிவிப்புக் கடமையும் போய்விடுகிறது. அதன்பின் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நாற்பது மாடி வருகிறதென்றால், வருகிறது. திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைக்கும் காலம்தான் உங்களுக்குக் கிடைக்கும் முக்கிய வாய்ப்பு. சட்டம் அதற்குக் குறைந்தது நான்கு வாரம் தரச் சொல்கிறது. பினாங்குத் தீவுக்கு முழுமையான உள்ளூர்த் திட்டம் அரசிதழ் ஏறாமலே ஆண்டுகள் கழிந்தன. 2030ஆம் ஆண்டுக்கான வரைவு 2022இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. வந்தபோது என்ன நடந்தது? வண்ணம் பூசிய வரைபடங்கள், ஏக்கருக்கு இத்தனை வீடு என்ற அட்டவணைகள், நில வகைக் குறியீடுகள், தடித்த தொகுதிகள். இன்ன நிறத்தில் உன் தெரு இருந்தால் நாளைக்கு உன் வாடகைக்கு என்ன ஆகும் என்று மார்க்கெட் ஸ்திரீட்டில் பூக்கட்டும் அம்மாவுக்கும், சூலியா ஸ்திரீட்டில் நாணயம் மாற்றும் பாய்க்கும் விளக்க எத்தனை பேர் இருந்தார்கள்? அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது வீண் செலவாம். படிக்கத் தெரியாதவர் முன்னால் வரைபடத்தை விரித்து, நான்கு வாரம் காத்திருந்து, ஆட்சேபம் வரவில்லை என்று எழுதிக்கொள்வதுதான் சிக்கனமாம்.

ஜார்ஜ்டவுனின் நடுப்பகுதி இதற்கு நல்ல பாடம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு முழுமையாகப் போனது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. கடைவீடுகளின் மேல்மாடியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று யாராவது திட்டமிட்டார்களா? குடிகள் கிளம்பின, ஜன்னல்கள் மூடிக்கொண்டன. வெறுமையாகிக்கொண்டிருந்த அந்த நகரத்துக்குத்தான் 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதுவும் பல்லின மக்கள் வாழும் உயிர்ப்புள்ள நகரம் என்று. வாழ்ந்தவர்களைப் போகவிட்டுவிட்டு வாழ்வுக்குப் பரிசு வாங்கினோம். பட்டியல் வந்த மை காய்வதற்குள், பாரம்பரிய வட்டாரத்தில் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்த நான்கு உயர்மாடி விடுதிகளின் கோப்பு வெளியே வந்து, 18 மீட்டர் வரம்பைத் தாண்டக் கூடாது என்ற பெரும் சர்ச்சையாகி, தகுதியே பறிபோகுமோ என்ற நிலை. வரம்பு என்ன, ஏன் என்று பட்டியலுக்கு முன்பே மன்றத்துக்குள் எல்லோருக்கும் புரிந்திருந்தால் இந்தக் கூத்து எதற்கு? பாரம்பரிய வட்டாரத்துக்கான சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வருவதற்கு 2016 ஆகிவிட்டது.

தாமதம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பினாங்குத் தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் அமைக்கும் திட்டம், ஏறத்தாழ 4,500 ஏக்கர். மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2019இல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் ரத்து செய்தது. 2023இல் புதிய அனுமதி வந்தது. ஆனால் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கி, சுமார் 2,300 ஏக்கரில் நின்றது. மீனவர்களுக்கு அதுவும் ஆறுதல் இல்லை என்பது வேறு கதை. அன்பர் இதைத் தாமதம் என்கிறார். பாதிக் கடல் தப்பியதற்கு அவர் அகராதியில் பெயர் அதுவென்றால், இன்னும் கொஞ்சம் தாமதம் வரட்டும்.

சிங்கப்பூரை அவர் இழுத்திருக்க வேண்டியதில்லை. அங்கே மக்களை அதிகம் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் திட்டமிடலை ஆலோசக நிறுவனத்துக்குக் குத்தகை விடவும் இல்லை. 1967 முதல் 1971 வரை ஐக்கிய நாட்டு நிபுணர்களை வரவழைத்து, அவர்கள் பக்கத்திலேயே சொந்த அதிகாரிகளை உட்கார வைத்து வேலையைக் கற்கச் செய்து, 1971இன் கருத்துருத் திட்டத்தை வரைந்தார்கள். பிறகு நிபுணர்களை வழியனுப்பிவிட்டு வீடமைப்பு வாரியத்திலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திலும் சொந்த ஆட்களை வைத்துக்கொண்டார்கள். உள்ளூர்த் திட்டமிடுநரைப் பயிற்றுவிப்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமானால் அவரே தேடித்தரட்டும்.

மக்களையும் சேர்த்துப் பயிற்றுவித்த ஊர் வேண்டுமா? கேரளம் இருக்கிறது. 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு விட்டார்கள். விடுவதற்கு முன்னும் பின்னுமாக லட்சம் பேருக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள்: ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வார்டு உறுப்பினர்கள், பெண்கள். அதில் குறை சொல்ல ஆயிரம் உண்டு, சொல்லியும் இருக்கிறார்கள். மக்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்னும் பின்னால் போனால், 1915 வாக்கில் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதுரை, தஞ்சாவூர்த் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருவை இடித்து நேராக்குவது வீண், நோயுள்ள இடத்தை மட்டும் கவனித்துச் சீர் செய்தால் போதும் என்றார். அவரும் வெளியூர் நிபுணர்தான். நடந்து பார்த்த பிறகே பேசினார் என்பதுதான் அவருக்கும் நம் அன்பர் சிபாரிசு செய்பவர்களுக்கும் உள்ள தூரம்.

உள்ளூர் அதிகாரிகளால் முடியாது என்பதற்கு விடை பினாங்கிலேயே இருக்கிறது. மைமுனா முகமட் ஷரிப் பினாங்குத் தீவு நகராண்மைக் கழகத்தில் சாதாரணத் திட்டமிடல் அதிகாரியாகத் தொடங்கியவர். முதுகலை படித்தது இங்கே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தைத் தொடக்கத்தில் நடத்தினார். 2011இல் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். 2018இல் ஐக்கிய நாட்டு மனிதக் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட்டுக்கே தலைவராகப் போனார். 2024இல் கோலாலம்பூர் மேயர் பதவி வரை வந்தார். வெளியூர் ஆலோசகரைப் பினாங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார் அன்பர். பினாங்குக் கோப்பறையிலிருந்து ஒருவரை உலகம் கொண்டுபோயிருக்கிறது.

மைமுனாவின் காலத்தில் செபராங் பிறையிலும், அதே வேளையில் தீவிலும் நடந்த ஒரு சோதனை இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும். 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் இரு உள்ளாட்சிகளோடும் சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் ஆகிய இரண்டு மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில், எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று குடியிருப்பாளர்களையே கேட்டு வாக்கெடுத்தது. பெண்கள், முதியோர், இளையோர் எல்லோரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினார்கள். அந்தக் கட்டடங்களில் வாழ்பவர்கள் கேட்டது மின்தூக்கி, குப்பை, துப்புரவு போன்ற காரியங்கள். ஆலோசக நிறுவனத்தின் வண்ணப் படத்தில் எப்போதாவது பழுதான மின்தூக்கியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஓர் இடத்தில் அன்பர் சொல்வது சரி. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி கேலிக்கூத்து. விடுதி மண்டபம், குளிரூட்டி, இரண்டு நாள், காலைப் பலகாரத்துக்கும் மதிய பிரியாணிக்கும் நடுவில் திரையில் ஓடும் நாற்பது படங்கள், கடைசியில் சான்றிதழோடு ஒரு குழுப் புகைப்படம். ‘நிலைத்த வளர்ச்சி’ என்று பதாகையில் எழுதியிருக்கும். பதாகை மறுநாள் குப்பைக்குப் போகும். இதை ஒழிக்கச் சொன்னால் நானும் கையொப்பம் போடுவேன். அவரோ இதைக் காட்டிப் பயிற்சி என்ற காரியத்தையே ஒழிக்கச் சொல்கிறார். அங்கேதான் சூட்சுமம்.

பயிற்சி என்றால் நவம்பர் மழையில் பாயா தெருபோங் சரிவில் அதிகாரியை நிற்க வைத்து, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்வது. அனுமதி கொடுத்த திட்டத்தை ஐந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்து, நான் எழுதிய நிபந்தனைகளில் எத்தனை நின்றது என்று அவரே எண்ணுவது. குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு மூன்று பேருக்காவது நில உரிமைச் சீட்டும் உயரக்கோட்டுப் படமும் 21 நாள் கணக்கும் தெரிந்திருப்பது. இப்படி நடக்காது, கற்பனை என்பீர்களானால், ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பை ஜேனட் பிள்ளை நடத்திய காலத்தைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எந்தக் கடையில் என்ன தொழில், யார் எத்தனை தலைமுறை, எந்தச் சுவர் யாருக்கு என்ன நினைவு என்று கேட்டு வரைபடமாக்கச் சொன்னார். அந்த அனுபவம் 2013இல் பண்பாட்டு வரைபடமாக்கலுக்கான கையேடாகவே வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்ததைச் சம்பளம் வாங்கும் அதிகாரியால் செய்ய முடியாதா?

நகர மன்றத் தேர்தல் இருந்த காலத்தில் இதெல்லாம் இவ்வளவு அவசரமாக இருந்திருக்காது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் நடந்தது இதே ஜார்ஜ்டவுனில்தான். 1957இல் இந்த நகரின் முதல் மேயரானவர் டி.எஸ். ராமநாதன், ஒரு தமிழர். பழைய ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர். 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியவர்கள், 1976இன் உள்ளாட்சிச் சட்டத்தோடு முழுசாக மூடிவிட்டார்கள். பினாங்கு மாநிலம் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைய மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்று வருபவர்கள். அவர்களை வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்ப நம்மால் முடியாது. வாக்கு இல்லாத குடிமகனிடம் மிஞ்சியிருப்பது வாசித்து ஆட்சேபிக்கும் உரிமை ஒன்றுதான். அதையும் நிபுணரிடம் கொடுத்துவிடச் சொல்கிறார்.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்த்தாம் சாலையில் ஒரு கடற்கரைச் சான்று உண்டு. ரன்னிமீடு விடுதியின் துணைக் கட்டடங்களை 2016 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஊரே அசந்திருந்தபோது, இடித்துத் தள்ளினார்கள். சத்தம் எழுந்ததும் மன்றம் கோப்பை எடுத்தது. அனுமதி 1999இல் கொடுத்தது. திரும்பப் பெற்றால் நட்டஈடு தர வேண்டும் என்றார்கள். 1999இல் வரைந்த ஆலோசகர் இன்று எந்த ஊரில் எந்தத் திட்டத்தில் இருக்கிறாரோ. பதினேழு ஆண்டு இடைவெளியில் ஆட்சி மாறிவிட்டது, கையெழுத்திட்டவர்கள் மாறிவிட்டார்கள், நகரமே பாரம்பரிய நகரமாகிவிட்டது. காகிதம் மட்டும் பத்திரமாக அலமாரியில் இருந்தது. அதை நடுவில் ஒருமுறையாவது எடுத்துப் படித்து, இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எச்சரிக்கும் வேலையை எந்த ஆலோசக நிறுவனம், எந்த ஒப்பந்தத்தின் கீழ், யார் கட்டணத்தில் செய்யும் என்று அன்பர் அடுத்த கட்டுரையில் எழுதட்டும். இந்த முறை எண்களோடு.